வேலை எங்கே, பணம் எங்கே: அவையில் உறுப்பினர் கேட்பதும் அரசு சொல்வதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளைஞர் வேலையின்மை பற்றி யாராவது ஓர் உறுப்பினர் அவையில் முழங்கும் காணொளி அடிக்கடி கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அதைப் பார்த்துவிட்டு எழும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுக்கும் பொதுவாக ‘உறுப்பினர்’ என்றே குறிப்பிடுகிறேன். எண்ணும் விதியும் ஓர் அவைக்கு மட்டும் உரியதாக இருந்தால் எந்த அவை என்று சொல்லிவிடுகிறேன்.

அவையில் ஆவேசமாகப் பேசுவதால் ஏதாவது நடக்கிறதா?

பேச்சால் நடப்பது குறைவு, கேள்வியால் நடப்பது அதிகம் என்பது என் கருத்து. விவாதத்தில் அரை மணி நேரம் பேசினாலும் அமைச்சர் தமக்கு வசதியான இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதிலுரையை முடித்துவிடலாம். அனுமதிக்கப்பட்ட கேள்வி அப்படியல்ல. அது துறைக்குப் போகும், அதற்கென்று கோப்பு திறக்கப்படும், யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து கணக்கெடுப்பார், கடைசியில் அமைச்சரின் பெயரில் அச்சாகி அவை ஆவணமாகிவிடும்.

2022 ஜூலை 27 அன்று மக்களவையில் மத்திய இணையமைச்சர் ஜிதேந்திர சிங் அளித்த எழுத்துப்பூர்வ பதிலைப் பாருங்கள். 2014-15 முதல் 2021-22 வரையிலான எட்டு ஆண்டுகளில் மத்திய அரசுப் பணிகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி. நியமனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம் பேர். ஆயிரம் விண்ணப்பங்களுக்கு ஏறக்குறைய மூன்று பேர். எந்த எதிர்க்கட்சி மேடைப் பேச்சையும்விட இந்த இரண்டு எண்கள் அதிகம் பேசுகின்றன, அதுவும் அரசின் வாயாலேயே. ஒரு சின்ன எச்சரிக்கை: 22 கோடி என்பது விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே இளைஞர் பத்துத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருப்பார். இதைக் கவனிக்காமல் ‘22 கோடிப் பேர்’ என்று முழங்கும் உறுப்பினரை அமைச்சர் ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்.

ஒருவர் வேலையின்மை 3 சதவீதம் என்கிறார், அடுத்தவர் 14 சதவீதம் என்கிறார். இருவரில் யார் பொய் சொல்கிறார்?

பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. வேறுவேறு அளவுகோல்களால் அளந்ததை அவரவர் வசதிக்கு எடுத்து வருகிறார்கள்.

இந்தியாவில் இதற்கான அதிகாரபூர்வ ஆதாரம் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. அது இரண்டு விதமாகக் கேட்கிறது. ‘வழக்கமான நிலை’ என்ற முதல் முறையில் கடந்த 365 நாட்கள் கணக்கில் வரும். ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடிக்கொண்டிருந்தாலும், துணை வேலையாக 30 நாட்கள் ஏதாவது செய்திருந்தால் வேலையில் இருப்பவர் பட்டியலில் சேர்ந்துவிடலாம். ‘நடப்பு வார நிலை’ என்ற இரண்டாவது முறை கடந்த ஏழு நாட்களை மட்டும் பார்க்கிறது. அதில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும், வேலையில் இருப்பவர்தான். குடும்பத் தொழிலில் சம்பளமின்றி ஒத்தாசை செய்யும் பட்டதாரியும் இரண்டு கணக்கிலும் வேலையில் இருப்பவரே.

இனி எண்களுக்கு வருவோம். 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஆண்டில், வழக்கமான நிலைப்படி 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை 3.2 சதவீதம். அதே அறிக்கையில், அதே முறைப்படி, 15 முதல் 29 வயது வரையிலானோருக்கு 10.2 சதவீதம். 2025 முதல் மாதந்தோறும் வெளிவரும் நடப்பு வார நிலைக் கணக்கின்படி அந்த ஆண்டு ஏப்ரலில் மொத்த வேலையின்மை 5.1 சதவீதம், இளைஞர்களிடையே 13.8 சதவீதம். ஆளும் தரப்பு 3.2ஐக் கையில் எடுக்கும், எதிர்த் தரப்பு 13.8ஐ எடுக்கும். எந்த வயது, எந்த முறை, எந்தக் காலம் என்ற மூன்றையும் சொல்லாமல் வெறும் சதவீதத்தை வீசுபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சதவீதம் மக்கள்தொகையால் வகுத்து வருவதில்லை. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த உழைப்புப் படையால் வகுக்கப்படுகிறது. தேடித் தேடிச் சலித்து வீட்டோடு இருந்துவிட்டவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறார். அதனால் விகிதம் குறைந்துவிட்டது என்று அரசு மார்தட்டும்போது, உழைப்புப் படையின் பங்கேற்பு கூடியதா குறைந்ததா என்று கேட்கத் தெரிந்த உறுப்பினர் வேண்டும். அப்படிக் கேட்பவர்கள் அவையில் மிகச் சிலரே.

படித்தவர்களுக்குத்தான் வேலை இல்லை என்பது உண்மையா?

உண்மைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களின் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களுக்கு 3.4 சதவீதம். இதை வைத்துப் படிப்பே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வசதியற்றவரால் வேலையின்றி ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது, கிடைத்ததைச் செய்கிறார். பட்டம் பெற்றவர் அதற்கேற்ற வேலைக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்கிறார், அந்தக் காத்திருப்பின் செலவைக் குடும்பம் சுமக்கிறது. ஆகவே கல்விக்குச் செலவிட்டோம் என்று ஒரு துறையும், திறன் பயிற்சிக்குச் செலவிட்டோம் என்று இன்னொரு துறையும் தனித்தனியாகக் கணக்குக் காட்டும்போது, படித்து முடித்தவர் எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

மக்களவையில் நாள்தோறும் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20, குலுக்கலில் தேர்வாகின்றன. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். குறியிடப்படாதவை 230 வரை, அவற்றுக்கு எழுத்தில் பதில். குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும்.

பெரும்பாலான நாட்களில் இந்த இருபதில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே பெரும்பாடு. நேரம் ஓடிவிடும், அல்லது அமளியில் அவை ஒத்திவைக்கப்படும். எட்டாமல் போனவற்றுக்கு எழுத்துப் பதில் வந்துவிடும், ஆனால் பதிலைக் கேட்டதும் அங்கேயே தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விக்கான வாய்ப்பு போய்விடும். நஷ்டமே அதில்தான் இருக்கிறது. முதல் பதில் துறை எழுதிக் கொடுத்தது, அமைச்சர் வாசிப்பார், அவ்வளவே. துணைக் கேள்வியில்தான் அவருக்குத் துறை தெரியுமா தெரியாதா என்று ஊருக்கே தெரியும். ஒரு கற்பனை உரையாடல்:

உறுப்பினர்: பயிற்சி பெற்ற 40,000 பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

அமைச்சர்: பயிற்சி பெற்ற இளைஞர்கள் பெருமளவில் பயனடைந்துள்ளனர்.

உறுப்பினர்: பயன் என்றால் சான்றிதழா, சம்பளமா?

இந்த இரண்டாவது கேள்விக்கு மேசையில் இருக்கும் குறிப்பில் விடை இருக்காது. அதிகாரிகள் மாடத்தில் அமர்ந்திருப்பவர்களிடமிருந்து துண்டுச் சீட்டு வர வேண்டும். கேட்ட உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு, மற்றவர்களுக்கு அவைத்தலைவர் அனுமதித்தால் உண்டு. முன்தயாரிப்பு இல்லாமல் துணைக் கேள்விக்கு எழுந்து ஐந்து நிமிடம் முன்னுரை வாசித்துவிட்டு, “இதற்கு அமைச்சர் ஆவன செய்வாரா?” என்று முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கையில் கிடைத்த வாய்ப்பை அவரே அமைச்சருக்குத் தாரை வார்க்கிறார்.

கொரோனா காலத்தில், 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டது. எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. அவசரக் காலத்தில் முதலில் கைவைக்கப்படும் இடம் எது என்பதை அது காட்டியது.

‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று பதில் வந்தால் அதோடு முடிந்ததா?

இல்லை. பலருக்குத் தெரியாத நல்ல செய்தி இது. அமைச்சர் அவையில் சொல்லும் இப்படிப்பட்ட தொடர்கள் உறுதிமொழியாகக் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. சட்டமன்றங்களிலும் உறுதிமொழிக் குழுக்கள் உண்டு. நடைமுறையில் கால நீட்டிப்பு கேட்பதும், கைவிட அனுமதி கேட்பதும் தாராளமாக நடக்கின்றன. ஆனாலும் உறுப்பினர் விடாக்கண்டராக இருந்தால், ‘சென்ற ஆண்டு அளித்த உறுதிமொழி என்னவாயிற்று’ என்ற ஒரு கடிதம் கோப்பை மறுபடி மேசைக்குக் கொண்டுவரும்.

பட்ஜெட்டில் இளைஞர்களுக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று அறிவிக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?

அறிவிப்பு வேறு, செலவு வேறு. பட்ஜெட் ஆவணங்களில் மூன்று விதமான எண்கள் இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் சொல்வது பட்ஜெட் மதிப்பீடு. ஆண்டு முடியும் தறுவாயில், செலவின் போக்கைப் பார்த்து மாற்றுவது திருத்த மதிப்பீடு. உண்மையில் செலவானது எவ்வளவு என்பது அதற்கடுத்த ஆண்டின் ஆவணத்தில்தான் வரும். தலைப்புச் செய்தியாவது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டையும் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது: ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்கள், 500 பெரிய நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய். 2024-25க்கு ஒதுக்கியது 2,000 கோடி. திருத்த மதிப்பீட்டில் அது 380 கோடியாகச் சுருங்கியது. அதே ஆவணத்தில் அடுத்த ஆண்டுக்கு 10,831 கோடி என்று எழுதப்பட்டது. கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாத திட்டத்துக்கு மறு ஆண்டு ஐந்து மடங்குக்கும் மேல் ஏன் என்று கேட்பது கட்சி அரசியல் ஆகாது, வீட்டுக் கணக்கு எழுதுபவருக்கும் தோன்றும் சந்தேகம்தான்.

முதல் சுற்றில் என்ன நடந்தது என்பதும் நாடாளுமன்றப் பதில்கள் வழியாகவே வெளியே வந்தது. நிறுவனங்கள் காட்டிய இடங்கள் சுமார் 1.27 லட்சம். இளைஞர்களுக்கு அனுப்பப்பட்ட வாய்ப்புகள் 82,000க்கும் மேல். ஏற்றுக்கொண்டவர்கள் 28,000 சொச்சம். போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம். ஒவ்வொரு படியிலும் ஆள் உதிர்ந்திருக்கிறார்கள். தூரமா, உதவித்தொகை போதாதா, படிப்புக்குப் பொருந்தாத வேலையா? திட்டம் தோல்வி என்று கூச்சலிடுவதைவிட, எந்தப் படியில் எதனால் உதிர்ந்தார்கள் என்று கேட்டால்தான் அடுத்த சுற்றாவது திருந்தும்.

மானியக் கோரிக்கைகளை அவை உண்மையிலேயே விவாதிக்கிறதா?

அரசியல் சாசனப்படி, அவை ஒப்புதல் அளிக்காமல் அரசு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு 113, 114ஆம் பிரிவுகள், மாநிலங்களுக்கு 203, 204. இந்த ஆண்டுக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று துறைவாரியாக மானியக் கோரிக்கை வரும், உறுப்பினர்கள் பேசுவார்கள், பிறகு வாக்கெடுப்பு. ஏட்டில் இருப்பது இது. மக்களவையில் சில அமைச்சகங்கள் மட்டுமே விவாதத்துக்கு வரும். மற்றவை கடைசி நாளில் ஒரே மூச்சில் நிறைவேறும். 2018 மார்ச் 14 அன்று எல்லாக் கோரிக்கைகளுமே அமளிக்கிடையே விவாதமின்றி நிறைவேறின. 2023 மார்ச்சிலும் அதே கதை. அமளி செய்தவர்கள் மீதும் அரசின் மீதும் மாறி மாறிப் பழி போட்டார்கள். பணம் மட்டும் போய்விட்டது.

உறுப்பினர் கையில் உள்ள ஆயுதம் வெட்டுத் தீர்மானம். கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். சிக்கனம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். இவை நிறைவேறினால் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாகப் பொருள், எனவே நிறைவேறுவதில்லை. ஆனாலும், ‘வேலைவாய்ப்பு அலுவலகங்களில் காலிப் பணியிடங்களை நிரப்பத் தவறியதைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் குறை பதிவாகிவிடும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தைப் பின்தொடர்பவர்கள் மானியக் கோரிக்கை நாளன்று துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை விட்டுவிடக் கூடாது. புகழுரைகளைத் தாண்டி அட்டவணைகளுக்குப் போங்கள்.

தணிக்கை அறிக்கை வந்தால் பரபரப்பாகிறது, பிறகு ஓய்ந்துவிடுகிறது. ஏன்?

சி.ஏ.ஜி. எனப்படும் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் தமது அறிக்கையை அவைக்கு நேராகக் கொடுப்பதில்லை. 151ஆம் பிரிவின்படி மத்தியில் குடியரசுத் தலைவரிடமும், மாநிலத்தில் ஆளுநரிடமும் அளிப்பார். அவர்கள் அவையில் வைக்கச் செய்வார்கள். எத்தனை நாட்களுக்குள் வைக்க வேண்டும் என்று சாசனம் சொல்லவில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது. டெல்லியில் 14 அறிக்கைகள் தேங்கிக் கிடந்தன. ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் அவை ஒவ்வொன்றாக அவைக்கு வரத் தொடங்கின. தாமதிக்காத அரசுகளும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் அறிக்கையை வைத்துவிட்டுப் போவதுண்டு. விவாதிக்க மறுநாள் இருக்காது.

அவைக்கு வந்தபின் அது பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். நாடாளுமன்றக் குழுவில் 22 பேர், 15 பேர் மக்களவை, 7 பேர் மாநிலங்களவை. அமைச்சர் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவர் என்பது மரபு. மாநிலங்களில் இம்மரபு எங்கும் ஒரே மாதிரி பின்பற்றப்படுவதில்லை. குழு துறைச் செயலாளர்களை அழைத்துக் கேள்வி கேட்கும். தொலைக்காட்சி இல்லாததால் அங்கே நாடகமும் குறைவு. உங்கள் உறுப்பினர் இக்குழுவில் இருந்தால், அவர் அவையில் பேசியதைவிட அங்கே எத்தனை கூட்டங்களுக்குப் போனார் என்று விசாரியுங்கள்.

ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அரசையே கேள்வி கேட்க முடியுமா?

தாராளமாக. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்சியை விட்டு விலகுவதற்கும், கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பதற்கும், வாக்களிக்காமல் இருப்பதற்கும்தான் தண்டனை வைத்திருக்கிறது, கேள்வி கேட்பதற்கு அல்ல. தயக்கம் சட்டத்தால் வருவதன்று. அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்குமா என்ற கவலையால் வருவது.

எங்கள் எம்.எல்.ஏ.விடம் சொன்னால் எனக்கு அரசு வேலை வாங்கித் தர முடியுமா?

முடியாது. முடியும் என்று யாராவது பணம் கேட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறேன். இதை அவையில் எழுப்ப முடியுமா?

எழுப்ப வேண்டிய விஷயம்தான். தமிழ்நாட்டில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே பதிவு மூப்புக்காகக் காத்திருப்போர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்காதவருக்கு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அல்லாத பட்டதாரிக்குக் கிடைப்பது மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். தேர்வு எழுத வெளியூர் போய்வரும் செலவுக்கே இது காணாது. இத்தொகையை உயர்த்த வேண்டும் என்று பேசும் உறுப்பினர்கள் உண்டு. அதைவிடக் கூர்மையான கேள்வி வேறு: கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த அலுவலகங்கள் பரிந்துரைத்து வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், அவற்றை நடத்த ஆன செலவு எவ்வளவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே பேச வேண்டியதே இல்லை.

உறுப்பினரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அவையில் கேட்க வைக்க விரும்புகிறேன். எப்படி எழுதுவது?

முதலில் யாரிடம் என்று பாருங்கள். ரயில்வே, வங்கி, மத்திய அரசுப் பணி என்றால் நாடாளுமன்ற உறுப்பினர். டி.என்.பி.எஸ்.சி., அரசுப் பள்ளி, மின்வாரியம் என்றால் சட்டமன்ற உறுப்பினர். இடம் மாறினால் ‘இது எங்கள் பொறுப்பில் வராது’ என்று செயலகமே நிராகரித்துவிடும். நீதிமன்ற வழக்கில் இருப்பது, கருத்துக் கேட்பது, ஊகத்தின் மேல் நிற்பது, வாதம் செய்வது ஆகியவையும் கழிந்துவிடும். மக்களவையில் 150 சொற்களைத் தாண்டக் கூடாது.

‘இளைஞர் வேலையின்மையைப் போக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?’ என்று எழுதாதீர்கள். திட்டங்களின் பட்டியல் ஒன்று வரும், வேறொன்றும் வராது. எண்ணைக் கேளுங்கள், ஆண்டைக் குறிப்பிடுங்கள், மாவட்டவாரியாகக் கேளுங்கள். உதாரணமாக, வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றி இப்படி எழுதலாம்:

(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் அரசு நடத்திய வேலைவாய்ப்பு முகாம்கள் எத்தனை, மாவட்டவாரியாகவும் ஆண்டுவாரியாகவும்;

(ஆ) அவற்றில் பணி ஆணை பெற்றவர்கள் எத்தனை பேர், வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்;

(இ) சேர்ந்தவர்களில் ஆறு மாதங்களுக்குப் பிறகும் அதே வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெறும் மாதச் சம்பளம் எந்த அளவில் உள்ளது;

(ஈ) முகாம்களுக்கான ஒதுக்கீடு எவ்வளவு, உண்மைச் செலவு எவ்வளவு;

(உ) (இ)யில் கேட்ட விவரம் திரட்டப்படவில்லை எனில், அதற்கான காரணம் என்ன?

கடைசிக் கூறை மறந்துவிடாதீர்கள். (இ)க்குப் பெரும்பாலும் ‘அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை’ என்றுதான் பதில் வரும். (உ) இருந்தால், ஏன் பராமரிக்கவில்லை என்பதையும் அமைச்சர் தம் பெயரில் எழுதித் தர வேண்டியிருக்கும். பதில் வந்ததும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் அதே உறுப்பினர் அதிலிருந்தே அடுத்த கேள்வியை எழுதலாம். அவர் எழுதவில்லையென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி (அ) முதல் (ஈ) வரையிலான கூறுகளை நீங்களே துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். அவருக்கு அவகாசம் 30 நாட்கள்.